மூன்றாம் ரீலும் நான்காம் ரீலும்

மூடிக்கு எண் போட்டிருந்தது. டப்பாவுக்குப் போட்டிருக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக நான் வெளியே சொல்லாமல் வைத்திருந்தது இவ்வளவுதான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறியதால் வந்த வினை என்பதால், சொல்வதிலாவது தவறக்கூடாது.

1987 ஜூலை மாதம். நான் திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். கரமனையில் வாடகை வீடு. கல்யாணம் ஆகி ஒரு வருஷம். அலுவலகம் விட்டால் பிலிம் சொசைட்டி. எங்கள் சொசைட்டியில் சினிமா தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கடிதம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பாறசாலையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வாத்தியார், தேதியில்லாத கடிதமும் கையெழுத்தில்லாத கடிதமும் மொட்டைக் கடிதத்துக்குச் சமம் என்று சொல்லி அடித்து எழுத வைத்தார். அந்த அடியில் கிடைத்த பதவிதான் செயலாளர். படம் கேட்டு எழுதுவது, வந்ததும் வந்தது என்று எழுதுவது, அடுத்த ஊருக்கு அனுப்பியதும் அனுப்பினேன் என்று எழுதுவது.

அப்போதெல்லாம் ஒரே பிரிண்ட் ஊர் ஊராகச் சுற்றும். கொல்லத்துக்காரர்கள் போட்டு முடித்து எங்களுக்கு பஸ்ஸில் ஏற்றுவார்கள். நாங்கள் முடித்து நாகர்கோவிலுக்கு ஏற்றுவோம். அந்த முறை வந்தது கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு விண்வெளிப் படம். கருப்பு வெள்ளை. 'தூரத்துத் துறைமுகம்' என்று பெயரை நாங்கள் மொழிபெயர்த்திருந்தோம். உலகத்தில் நல்ல விஞ்ஞானப் படம் என்று பத்து எண்ணினால் அதில் ஒன்று என்பார்கள். ஐந்து ரீல், ஐந்து தகர டப்பா. தம்பானூர் ஸ்டாண்டில் இறக்கும்போது பஸ்ஸின் மேல் கூரையில் தார்ப்பாய் கிழிந்து ஐந்தும் மழையில் நனைந்திருந்தன.

மற்றவனாக இருந்தால் அப்படியே கொண்டுபோய் ஆபரேட்டரிடம் கொடுத்திருப்பான். நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மூடிகளைக் கழற்றி, துருப் பிடித்த விளிம்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, துணி துவைக்கிற கல்லின்மேல் ஒன்று முதல் ஐந்துவரை வரிசையாகக் காயவைத்தேன். உள்ளே டப்பாக்களையும் அதே வரிசையில் வைத்தேன். பிறகு பல் தேய்க்கப் போனேன். மறுபடி மழை வந்தது. என் மனைவி தங்கபாய் ஓடிப்போய் மூடிகளைத் தோசைத்தட்டு அடுக்குவதுபோல் அடுக்கி எடுத்து வந்தாள். டப்பாக்களின்மேல் சாரல் அடிக்காமலிருக்க அவற்றையும் சுவரோரமாக நகர்த்தி வைத்தாள். நல்ல எண்ணத்தில் செய்தது. நான் வந்து மூடிகளைப் போட்டு மூடினேன். மூடியில் எண் இருந்தது. டப்பாவில் இல்லை.

அன்று சாயங்காலம் படம். செயலாளர்கள் உட்கார்ந்து பார்க்கக்கூடாது, கடைசி மெம்பர் வரும்வரை கேட்டில் ரெஜிஸ்டரோடு நிற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கடைசி மெம்பர் எப்போதும் படம் முடிகிற சமயத்தில்தான் வருவார். ஆகவே நான் செயலாளராக இருந்து வரவழைத்த படங்களில் பெரும்பாலானவற்றை நான் பார்த்ததில்லை. இதையும் பார்க்கவில்லை. மிஷினில் ராஜையன் அண்ணன் இருந்தார். ஒரே மிஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்டி, விளக்கை அணைப்பார். மூடியைப் பார்த்துத்தான் மாட்டுவார்.

படம் முடிந்து வெளியே வந்தவர்கள் பேசவில்லை. வழக்கமாகப் படிக்கட்டிலேயே சண்டை தொடங்கிவிடும். அன்று ஒருவர் தோளை ஒருவர் தொட்டுக்கொண்டு இறங்கினார்கள். ஜெயஷீலா டீச்சர் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

"லிங்கராஜே," என்றார். "செத்தவரு திரும்பி வந்து மேசையில இருந்து கஞ்சி குடிக்காரு. ஒருத்தரும் ஏன்னு கேக்கல. நீ பாத்தியா?"

"பாத்தேன் டீச்சர்," என்றேன். கேட்டில் நின்றேன் என்று சொல்ல அது நேரமில்லை.

மறுநாள் காலை ரீல்களைத் திருப்பிச் சுற்றும்போது ராஜையன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். பிலிமின் வால்நுனியில் சின்னதாக எண் ஒட்டியிருந்தது. மூன்றாம் மூடிக்குள் நான்கு. நான்காம் மூடிக்குள் மூன்று.

"மாறிப்போச்சு தம்பி," என்றார். "விடு. ஆருக்கு மனசிலாச்சு? எல்லாரும் நல்ல படம்னுதான சொன்னாவ."

மூடிகளைச் சரியாக மாற்றிப் போட்டு நாகர்கோவிலுக்கு அனுப்பினேன். நல்ல நிலையில் அனுப்பியுள்ளோம் என்று கடிதமும் எழுதினேன். டீச்சரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கல்லூரி வாசல்வரை போனேன். மூன்றாவது வாரம் அவருடைய கட்டுரை ஒரு மலையாளப் பத்திரிகையில் வந்துவிட்டது. 'இறந்தவரின் பசி' என்று தலைப்பு. இறந்தவர் நம் மேசையை விட்டுப் போவதில்லை, ஒரு நேரம் பசித்து வந்து உண்டுவிட்டு, பிறகுதான் போகிறார் என்று அந்தப் படத்தை வைத்து எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையில்தான் அவர் எழுத்தாளரானார். அதன் பெயரிலேயே புத்தகம் வந்தது. துக்க வீடுகளுக்கு அதை வாங்கிக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படம் மறுபடி எங்கும் வரவில்லை. கேசட்டில் இல்லை, சி.டி.யில் இல்லை. இணையத்தில் மூன்று நிமிஷத் துண்டு ஒன்று மட்டும், ராக்கெட் கிளம்புகிற காட்சி. மூன்றும் நான்கும் மாறியதில் கதைக்குப் பெரிய கேடு வந்திருக்காது, எப்படியும் அந்தக் கிழவர் திரும்பி வரத்தான் செய்வார் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பார்க்காத படத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நம்பலாம்.

இந்த வருஷம் ஏப்ரலில், படத்தை எடுத்த நாட்டின் ஆவணக் காப்பகம் அதைச் சுத்தம் செய்து புதுப் பிரதி எடுத்திருப்பதாகச் செய்தி வந்தது. சொசைட்டிக்கு நான்தான் இன்னும் செயலாளர். எழுதிக் கேட்டால் தருவார்கள் என்றார்கள். கமிட்டி கூடி, எழுது என்றது. எழுதினேன். என் கடிதங்களுக்கு ஒருபோதும் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை. ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை, ஐந்தரை மணிக்குப் படம். முடிந்ததும் ஜெயஷீலா டீச்சர் இருபது நிமிஷம் பேசுவார். புத்தகத்தின் புதுப் பதிப்பு அந்தத் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

படத்துக்கு நான்கு நாள் முன்னால் காப்பகம் கதைச்சுருக்கம் அனுப்பியது. அரைப் பக்கம். மூன்று முறை படித்தேன். ஏழு பேர் புறப்படுகிறார்கள். கிழ மாலுமி எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பிறகு இறக்கிறார். உடலை வெளியே இருட்டில் விடுகிறார்கள். மற்றவர்கள் அவருடைய காலி நாற்காலியோடு பயணத்தை முடிக்கிறார்கள். அவ்வளவுதான். திரும்பி வருவது அதில் இல்லை.

இறந்தபின் அவர் ஒருமுறை மேசைக்கு வருகிறாரா, தயவுசெய்து தெரிவிக்கவும் என்று காப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு நாள், இரண்டு நாள். பதில் இல்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கபாய் இரண்டாம் நாளே விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள்.

"இதுக்காக்கும் இந்தக் கோலமா? போயி சொல்லிட்டு வாங்க. டீச்சரு தலையயா வாங்கப் போறா?"

"முப்பத்தெட்டு வருஷம் கழிச்சா?"

"பின்ன, நாப்பது தெகையட்டும்னு இருக்கியளா?"

"நீயும் கொஞ்சம் காரணமாக்கும். மூடிய அடுக்கி எடுத்தது ஆரு?"

"ஆமா, மழையில நனையட்டும்னு விட்டிருக்கணும். அன்னைலேருந்து இந்த வீட்டுல பருப்பு டப்பாக்கு மேல ஒரு நம்பரு, அடியில ஒரு நம்பரு. எனக்கு அப்பமே தெரியும், இவியளுக்கு என்னமோ ஆயிருக்குன்னு. ஊறுகாய் பரணிக்கும் நம்பர் போட்ட ஆளு, அந்தம்மாக்கு ஒரு வரி எழுதல."

எழுதாமல் இல்லை. அந்த நான்கு நாளில் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் மேசை டிராயரில் தேதியோடு கிடந்தன. வெள்ளிக்கிழமை போனை எடுத்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் எடுத்தேன்.

"சினாப்சிஸ் இன்னும் அனுப்பலியே," என்றார் டீச்சர் எடுத்ததும். "நீ அனுப்பாத காயிதம்னு ஒண்ணு உண்டா லோகத்துல?"

"டீச்சர், அது விஷயமாட்டுதான்..."

"வேண்டாம், விடு. படம் எனக்க உள்ளங்கையில உண்டு. கேக்கியா, பேச்ச எழுதி முடிச்சேன். பத்துப் பக்கம். அப்பாவப் பத்தி இதுவரை சொல்லாத ஒரு காரியம் இதுல உண்டு. கழக்கூட்டத்துலேருந்து எனக்க மருமவ, அவ ஆபீசுப் பிள்ளையள எல்லாம் கூட்டிட்டு வாறாளாம். அவியளுக்கு இந்தப் படம் காட்டணும் லிங்கராஜே. சாவுன்னா என்னன்னு ஒருத்தரும் சொல்லிக் குடுக்காத பிள்ளையள்."

நல்லது டீச்சர் என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. ஹால் அதே ஹால்தான், வாசகசாலையின் மாடி, நாற்காலிதான் பிளாஸ்டிக். நான் அச்சடித்த குறிப்பில் கதையை 'ஏழு பேர் புறப்படுகிறார்கள்' என்பதோடு நிறுத்தியிருந்தேன். முழுக் கதையையும் சொல்லிவிடுவது ரசனைக்கு இடைஞ்சல் என்று அடியில் ஒரு வரி. அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

ராஜையன் அண்ணன் நேமத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். எழுபத்தெட்டு வயது. ஒரு காது கேட்காது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"செக்ரட்டரியே, இன்னைக்கு மூடி எத்தன?"

"மூடியும் இல்ல, டப்பாவும் இல்லண்ணே. பென்டிரைவ்."

"அப்பம் தப்பிச்ச."

"இல்லண்ணே. இன்னைக்கு மாட்டப்போறேன்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தம்மாக்குத் தெரியாதா இன்னும்?" என்று கேட்டார். செவிடர்களுக்குரிய குரலில் கேட்டார். நான் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

டீச்சர் வெள்ளைச் சேலையில், கைப்பையோடு வந்தார். பேச்சுத் தாள்கள் பிளாஸ்டிக் உறையில். "இன்னைக்கு நீ கேட்டுல நிக்காண்டாம். எனக்க பக்கத்துல இரி. நாம ரெண்டுபேரும் ரெண்டாமது பாக்கோம்," என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டார்கள்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் இருபது நிமிஷம் நான் பயத்தை மறந்துவிட்டேன். இதற்குத்தானா இத்தனை வருஷம் கேட்டில் நின்றோம் என்று இருந்தது. கப்பல் என்று அவர்கள் காட்டியது நம் வீட்டுக் குக்கரும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்ததுபோல ஒரு சாதனம். திருகாணிகூடத் தெரிந்தது. ஆனால் அதன் வட்டக் கண்ணாடிக்கு வெளியே இருந்த இருட்டு நிஜ இருட்டு. அந்த இருட்டைப் பார்க்காமல் ஏழு பேரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். கிழ மாலுமி எதைப் பேசுவதற்கு முன்னாலும் தன் மோதிரத்தால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார்.

நாற்பத்து நான்காம் நிமிஷம் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ரீல் கணக்கு முடிகிறது. ஐம்பதாம் நிமிஷம் மேசையில் ஏழு கிண்ணம் வந்தது. மோதிரம் இரண்டு முறை தட்டியது. கிழவர் சூப்பை ஊதினார்.

டீச்சர் என் பக்கம் சாய்ந்தார். "இல்லியே. இது இப்பம் வரப்பிடாது."

நான் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இன்னொருக்க வரும்," என்று அவரே சொல்லிக்கொண்டார். "ரெண்டு மட்டம் உண்டாயிருக்கும். நான் முன்னத்தத மறந்திருப்பேன்."

இரண்டு முறை வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிறவன் அவ்வளவு மனதோடு வேண்டியது அன்றைக்குத்தான். பிறகு கிழவர் இருமினார், படுத்தார், இறந்தார். ஆறு பேர் அவரைத் துணியில் சுற்றி வாசல் அறைக்குக் கொண்டுபோனார்கள். கதவு மூடியது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக ஒன்று சின்னதாகி, சின்னதாகி, இல்லாமல் ஆயிற்று.

டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். முன்னிருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒவ்வொரு காட்சி மாறும்போதும் அந்தக் கை இறுகியது. மேசை வந்தது. ஆறு கிண்ணம். ஒரு காலி நாற்காலி. பேச்சு வேறு எங்கோ போயிற்று. மறுபடி மேசை வந்தது. காலி நாற்காலி. கப்பல் எங்கோ இறங்கியது. எழுத்துகள் ஓடின. அவர் எழுத்து முடிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

விளக்கு வந்ததும் கழக்கூட்டத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த எங்கள் பழைய மெம்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் தட்டவில்லை. ஸ்ரீவராகத்து நெல்லையப்பன் எழுந்தார். ரிட்டயர்டு ஆடிட்டர். சொசைட்டியில் தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே சந்தா கட்டுகிறவர்.

"என்ன ஓய் செக்ரட்டரி, ஒரு ரீலை முழுங்கிட்டீரா? செத்தவன் வரவேயில்லையே?"

"ஆமாம், அந்த சீன் எங்க?" என்று இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். "ரீல் மாறிப்போச்சு. ஆபரேட்டர்கிட்டக் கேளுங்க."

புரொஜெக்டருக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு இருந்த அபிஜித் எழுந்து நின்றான். சொசைட்டியில் புதிதாகச் சேர்ந்த எஞ்சினியர். மலையாளம்தான் பேசுவான், தமிழ் புரியும். "ரீலோ? சாரே, இதில் ரீல் ஒன்னும் இல்லா. ஒற்ற ஃபைலாணு."

நெல்லையப்பன் கொஞ்சம் யோசித்தார். ஆடிட்டர் மூளை. "அப்போ இன்னைக்குள்ளது சரி. அன்னைக்குள்ளதுதான் தப்பு. அன்னைக்கு மிஷின்ல இருந்தது யாரு? ராஜையன்தானே? மிஷின் ரூமுக்குப் போகறச்சே அவன் வெறும் வயித்தோட போனதா எனக்கு ஞாபகமில்லை."

சிரித்தார்கள். ராஜையன் அண்ணனுக்குச் சிரிப்பு கேட்கவில்லை. தன் பெயர் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நானாக்கும்," என்றார். "கவனிக்காமப் போயிட்டு. பொறுத்துக்கிடணும்."

மிஷின் ரூமில் அவர் ஒரு நாளும் குடித்ததில்லை. அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் மைக்குக்குப் போனேன். போனபிறகு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த விதத்தில் தொடங்கினேன். "1987-ஆம் வருஷம் ஜூலை மாதம் பதினொன்றாம் தேதி காலை சுமார் எட்டு மணிக்கு, கரமனையில் என் வீட்டில் வைத்து, ஐந்து டப்பாக்களின் மூடிகளையும் நான் கழற்றி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நான் விடாமல் சொன்னேன். துவைகல், மழை, மூடியில் எண், டப்பாவில் எண் இல்லை. மூன்றும் நான்கும். "ராஜையன் அண்ணன் மூடியைப் பார்த்துச் சரியாகத்தான் மாட்டினார். இறந்தவர் திரும்பி வரவில்லை. நாம்தான் அவர் இறந்ததை முன்னால் பார்த்துவிட்டோம்."

சிரிப்பு நின்றது. ஃபேன் சத்தம் கேட்டது. டீச்சர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். உரக்கக் கேட்கவில்லை.

"நீ எப்பம் அறிஞ்ச?"

"மறுநா காலத்தே."

"எனக்க கட்டுரை வாறதுக்கு முன்ன."

"முன்ன. இருவது நாளு."

"ஒரு கார்டு போட்டிருக்கலாமே." மைக் இல்லாமலே அது எல்லோருக்கும் கேட்டது. "கரண்டு போச்சுன்னா கார்டு போடுவ. ஃபேன்ல கிர்ருன்னு சத்தம் வந்தா கார்டு போடுவ."

எனக்கு மைக்கைத் திருப்பி வைக்கக்கூடத் தோன்றவில்லை. நெல்லையப்பன் உட்கார்ந்துவிட்டார். டீச்சரின் மருமகள் ஷில்பா அவர் தோளில் கை வைத்து, "அம்மா, போலாமா?" என்றாள். டீச்சர் அந்தக் கையை எடுத்துவிட்டார். பேச்சுத் தாள் உறையை மடியில் வைத்து அதன் மூலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி அபிஜித்தைப் பார்த்தார்.

"மோனே, செத்தவர வெளிய விட்ட ஒடனே, நேரா அந்த மேசை சீனு போட பற்றுமா?"

"பற்றும் டீச்சரே."

"போடு."

அவன் இரண்டு விரலால் என்னவோ தேய்த்தான். ஐந்து டப்பாவும் ஒரு பஸ்ஸும் ஒரு மழையும் சேர்ந்து செய்ததை அவன் அரை நிமிஷத்தில் செய்தான். விளக்கு அணைந்தது. நான் மைக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

கதவு மூடியது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக ஒன்று சின்னதாகி இல்லாமல் ஆயிற்று. உடனே, மேசையில் மோதிரம். இரண்டு தட்டு. ஹாலில் ஒரு சத்தம் எழுந்தது. நூறு பேர் ஒன்றாக மூச்சை இழுத்தால் வருகிற சத்தம். பின்வரிசையில் பிள்ளைகளும்தான். கிழவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவள் அவருக்கு ரொட்டியை நகர்த்தினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர் குனிந்து ஊதினார், குடித்தார், நன்றாக இருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டினார். என் கையில் மயிர் நின்றது. மூடி மாறி நான் காட்டிய படத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மதி, போதும்," என்றார் டீச்சர். அபிஜித் நிறுத்தினான். திரையில் கிழவர் வாய்க்குப் பாதி வழியில் கரண்டியோடு நின்றார்.

"கரண்டி," என்றார் டீச்சர். யாரிடம் என்று தெரியவில்லை. "நான் அவரு கிண்ணத்த ரெண்டு கையாலயும் தூக்கிக் குடிக்கதாட்டு எழுதியிருக்கேன். ஒரு பக்கம் எழுதியிருக்கேன், அந்தக் கையப் பத்தி." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "எங்கப்பனாக்கும் அப்பிடிக் குடிக்கது."

எழுந்தார். இன்றைக்குப் பேச்சு இல்லை, மன்னிக்க வேண்டும் என்று சபையைப் பார்த்து மலையாளத்தில் சொல்லிவிட்டு, உறையைக் கைப்பையில் வைத்தார்.

ராஜையன் அண்ணனை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தபோது டீச்சர் படியில் நின்றிருந்தார். அதே நடுப்படி. உட்காரவில்லை, முட்டு வலி.

"கட்டுரைய நான் எடுக்கமாட்டேன்," என்றார். "திங்கக்கிழமை புஸ்தகம் போவுது. அதுக்க முன்னால ஒரு பக்கம் வேணும். என்ன நடந்துதுன்னு. நீ எழுதணும். உனக்க பேரு போட்டு."

"எழுதுதேன் டீச்சர். டீச்சருக்கு எம்மேல..."

"உண்டு. அது கெடக்கட்டும். அதுக்கும் நீ ஒரு காயிதம் எழுதாண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினேன். நான்கு பிரதி. தங்கபாய் நடுவில் வந்து எட்டிப் பார்த்து, "என்னைய எழுதியிருக்கியளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நனையாம எடுத்து வச்சவளையும் ஒரு வரி எழுதுங்க. எல்லாத்தையும் நீங்களே கொண்டுபோவாதுங்க," என்றாள். எழுதினேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பாப்பனம்கோட்டில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு மேலாகக் கையை நீட்டித் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார். நான் வெளியே நின்றேன். கேட்டில் நிற்பது எனக்குப் பழக்கம்தான்.

கடைசிப் பத்தியில் அவருடைய விரல் நின்றது.

"'இதனைக் கட்டுரையாளருக்குத் தெரிவிக்க இயலாமற் போயிற்று.'" வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இயலாமலா போச்சு?"

"இல்ல டீச்சர்."

பேனாவைத் தேடி உள்ளே போய் எடுத்து வந்தார். தாளையும் பேனாவையும் கம்பிக்கு மேலாகவே திருப்பிக் கொடுத்தார். நான் மதில்மேல் வைத்துக் கடைசி மூன்று சொல்லையும் வெட்டினேன். மேலே எழுதினேன்: தெரிவிக்கவில்லை. வெட்டிய இடத்துக்கு எதிரே, ஓரத்தில், திருத்தியது நான்தான் என்பதற்குக் கையெழுத்துப் போட்டேன். தேதியும்.

டீச்சர் வாங்கி, மை காய ஊதினார். மடித்தார். கேட்டின் கொண்டியில் கை வைத்தார்.

"சாயா குடிச்சியா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர்."

கொண்டியைத் தூக்கினார்.